மேடைக்கு எந்த மைக்?

பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் பாடத் தொடங்கியதும், ஸ்பீக்கர் 'கூய்ய்...' என்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் மீண்டும் மைக்கில் நுழைந்து, பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றுவதுதான் இதற்குக் காரணம்.

'கண்டென்சர்' மைக் மெல்லிய மூச்சுச் சத்தத்தையும் பிடித்துவிடும். அமைதியான ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது அருமை! இரைச்சல் மிகுந்த மேடைக்குப் பெரும்பாலும் 'டைனமிக்' மைக்தான் ஏற்றது. இதில் மெல்லிய சவ்வு ஒன்றும், அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும் உண்டு. குரல் பட்டதும் இரண்டும் அதிரும். சுருள் காந்தத்தின் நடுவே அசைவதால் மின்சாரம் உண்டாகும்.

முன்னால் வரும் குரலை நன்றாகவும், பின்னால் வரும் சத்தத்தை மிகக் குறைவாகவும் கேட்கும் மைக்குக்கு 'கார்டியாய்டு' என்று பெயர். அது கேட்கும் பகுதியை வரைந்தால் இதய வடிவில் இருக்கும். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1966ல் வெளியிட்ட 'எஸ்.எம். 58' இந்த வகைதான். இதில் 'எஸ்.எம்.' என்றால் 'ஸ்டுடியோ மைக்ரோபோன்'. ஆனால், புகழ் பெற்றதோ மேடையில்!

நல்ல மைக் கிடைத்தால் மட்டும் போதாது, குட்டீஸ். அதன் வலைத் தலையைக் கையால் மூடாதீர்கள். பின்பக்கச் சத்தத்தைத் தடுக்க உதவும் துளைகள் உள்ளே இருக்கின்றன. அவை அடைபட்டால், நல்ல மைக்கும் அலறும்!