பால்மரக் காட்டிலிருந்து பாசறைக்கு

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

மதுரையில் ஜெய்ஹிந்துபுரம் செல்லும் பேருந்தில் ஒருமுறையேனும் ஏறாத மாணவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் ‘ஜெய்ஹிந்த்’ என்று முழங்கிய படையில் நம் திருமங்கலத்துக் கரிசல் காட்டுப் பண்ணையாட்களும் இருந்தனர் என்பதை நான் பாடநூலில் படித்த நினைவில்லை, வீட்டில்தான் கேட்டேன். என் அப்பத்தாவின் தந்தை, அதாவது என் பூட்டன், அவர்களுள் ஒருவர்.

மழை பொய்த்தால் கம்பும் இல்லை, கூலியும் இல்லை என்ற நிலையில், 1937-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கங்காணி கொடுத்த முன்பணத்தை வீட்டில் வைத்துவிட்டு நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார். மறு ஆண்டே, 1938-இல், இவ்வாறு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் அவர் கடலையே பார்த்திருக்க மாட்டார்.

ரப்பர் தோட்டத்தில் கருக்கலில் எழுந்து மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பதே வேலை. 15.2.1942 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. இத்துடன் முடியவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தனர். அங்கே காலராவிலும் பசியிலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவருடைய லயத்திலிருந்து போன நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை என்பார் அப்பத்தா.

இந்நிலையில்தான் 2.7.1943 அன்று நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவருடைய பேச்சு கூட்டங்களில் தமிழிலும் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. பூட்டன் இந்திய தேசிய ராணுவத்தில் பெயர் கொடுத்தார். நாட்டுப்பற்று ஒன்றே காரணம் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது. ‘ரயிலுக்குப் போனாச் சாவு, பட்டாளத்துக்குப் போனாச் சோறு’ என்று அவரே சொல்வாராம்.

ஆயினும் அந்தச் சோற்றைப் பற்றி அவர் சொன்னது வேறு. நேதாஜியின் படையில் சாதிக்கும் மதத்திற்கும் தனித்தனிச் சமையல் கிடையாது. எல்லார்க்கும் ஒரே அடுக்களை. ஊரில் முதலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவர் அங்கே ஒரு பஞ்சாபிக்கும் ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து உண்டார். போர்க்கதைகளைவிட இதைத்தான் அடிக்கடி சொல்வாராம். சொல்வதற்குப் போர்க்கதையும் அதிகமில்லை. மலாயாவில் சேர்ந்த பலரைப் போல அவரும் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. இம்பால் தோல்வியும் ஐராவதிக் கரைச் சண்டையும் அவருக்குச் செவிவழிச் செய்திகளே. ஜப்பான் சரணடைந்தபின், பிரிட்டிஷார் சில வாரம் முகாமில் வைத்து விசாரித்து விட்டுவிட்டனர்.

1946-இல் ஊர் திரும்பினார். அதே பண்ணை, அதே ஏர். திண்ணையும் அப்படியே இருந்தது.

15.8.1972 முதல் மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கியது. மாதம் 200 ரூபாய் அன்று ஒரு கூலிக் குடும்பத்திற்குப் பெருந்தொகை. ஆனால் ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும்; சிறை ஆவணம் இல்லையேல் உடனிருந்த கைதி சான்று தர வேண்டும். “ஆறு மாசம்னு நான் எழுதித் தாரேன், மாமா” என்று பழைய கூட்டாளி ஒருவர் முன்வந்தாராம். “வாரக் கணக்க மாசக் கணக்கா ஆக்கச் சொல்றியா, மாப்ள?” என்று மறுத்துவிட்டார். அப்பத்தாவுக்கு இன்றும் இதில் கோபம்தான். ‘அந்தக் காசு வந்திருந்தா நானும் பள்ளிக்கூடம் போன தம்பிகளை இன்னும் ரெண்டு வகுப்பு படிக்க வச்சிருப்பேன்’ என்கிறார். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

படையில் கட்டளைகளெல்லாம் இந்துஸ்தானியில். மனிதர் அவற்றை மறக்கவேயில்லை. உழும்போது மாடுகளை ‘தாயினே முட்’, ‘பாயே முட்’ என்றே வலமும் இடமும் திருப்புவாராம். ஒரு பஞ்சத்தில் அந்த ஜோடியை விற்க நேர்ந்தது. வாங்கியவர் மறுவாரமே வந்து நின்றார்.

“என்ன சொன்னாலும் திரும்ப மாட்டேங்குது. எந்தப் பாஷையிலய்யா பழக்கி வச்சிருக்கீரு?”