கரும்பு இனிக்கும், கணக்கு?

மார்கழி பிறந்துவிட்டால் ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் ஒரு பேச்சு எழும். "பொங்கலுக்கு நாலு கட்டுக் கரும்பு வாங்கித் தெருமுனையில் போட்டால் என்ன?"

நல்ல பேச்சுதான். கை கட்டி நிற்பதைவிடக் கடை கட்டி நிற்பது மேல். ஆனால், பேச்சை மட்டும் முதலாக வைத்துச் சந்தைக்குப் போகிறவன், காணும் பொங்கலன்று காய்ந்த கரும்பை மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கடனோடு வீடு திரும்புவான். உழைப்பவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால், அவன் முதலில் பென்சிலை எடுக்கவேண்டும். ஆகவே, தோழர்களே, கணக்குப் போடுவோம்.

பருவ வாணிபம் நாலு நாளில் பிறந்து நாலு நாளில் முடிவது. இன்று விற்காத பருப்பை மளிகைக்காரர் நாளை விற்றுக்கொள்வார். பொங்கலுக்கு மறுநாள் மஞ்சள் கொத்தை யார் கேட்பார்கள்? மேலூரிலும் கடலூர் வட்டாரத்திலும் விளையும் பன்னீர்க் கரும்பு கடித்துத் தின்பதற்கானது; மிச்சத்தைச் சர்க்கரை ஆலை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எடுத்துக்காட்டாக, 20 கரும்பு கொண்ட கட்டு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கட்டுக்கு 8,000. வண்டி வாடகை 1,000. ஏற்று இறக்குக் கூலி 400. கயிறு, சாக்கு, விளக்கு, தேநீர் என்று 600. ஆக 10,000. கரும்பு 20 ரூபாய் என்று நினைத்தவன் அப்பொழுதே ஏமாந்தான். அதன் அடக்க விலை 25!

400 கரும்பில் ஒடிந்தது, வாடியது, விற்காமல் நின்றது என்று 40 போகட்டும். மீதி 360ஐ 40 ரூபாய் வீதம் விற்றால் 14,400. இலாபம் 4,400. முதலில் விற்கும் 250 கரும்பும் முதலை மீட்கத்தான். 251ஆவது கரும்பில்தான் இலாபம் தொடங்குகிறது.

4,400 என்றதும் முகம் மலர்கிறதா? நாலு பேர் நாலு நாள் நின்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 275 ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியே 336! அதையே இருவர் செய்தால் ஆளுக்கு 550. மாலையில்தான் கூட்டம் மிகுதி என்றால், வேலை முடிந்து வரும் நண்பர் ஒருவர் அந்த நேரத்துக்கு மட்டும் கைகொடுக்கட்டும். கூடி உழைப்பது வேறு, கூட்டமாய் நிற்பது வேறு.

இனி முதல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நூற்றுக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வட்டியில் 10,000 வாங்கினால், நாலு நாளுக்கு 4,000. மிஞ்சுவது 400. இருவர் நாலு நாள் வெயிலிலும் பனியிலும் நின்றதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். வட்டிக்காரருக்கோ நின்ற இடத்திலேயே 4,000! கரும்பு விற்றவர் யார், சாறு குடித்தவர் யார்? கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைவிட உறுதியான காவல், அந்தப் படியில் ஏறாமல் இருப்பது. கையில் 5,000 இருந்தால் பத்துக் கட்டோடு நில்லுங்கள். பக்கத்துத் தெருவில் கடை போடுகிறவர்களோடு சேர்ந்து ஒரே வண்டி பிடியுங்கள். வாடகையும் குறையும், மொத்தமாக வாங்குவதால் பேரம் பேசவும் வலு வரும்.

இடத்துக்கு வருவோம். தெருவில் வாணிபம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 1989இல் சோடன் சிங் வழக்கில் கூறியது. தெரு வியாபாரிகளுக்கான சட்டமும் 2014இல் வந்தது. ஆயினும், உரிமை இருக்கிறதே என்று இரவோடு இரவாகக் கரும்பை இறக்கினால் காலையில் வண்டியில் அள்ளிச் செல்லக்கூடும். மார்கழித் தொடக்கத்திலேயே நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு, இடத்தை உறுதிசெய்யுங்கள். ஆண்டு முழுவதும் அங்கே கடை போடும் அம்மாவின் இடத்தைப் பறிக்காதீர்கள். நாலு நாள் வாணிபத்துக்காக நாற்பது ஆண்டுப் பிழைப்பைக் கெடுப்பது உழைப்பாளிக்கு அழகல்ல.

இன்னொன்று. நியாயவிலைக் கடையில் என்ன தருகிறார்கள் என்று கவனியுங்கள். 2023 பொங்கலுக்குக் கரும்பு இல்லாமல்தான் முதலில் பரிசுத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. விவசாயிகள் குரல் எழுப்பிய பின், 2022 டிசம்பர் இறுதியில் முழுக்கரும்பும் சேர்ந்தது. சோடிக் கரும்பு வாங்கும் வீட்டில் ஒன்று அங்கேயே கிடைத்துவிட்டால், உங்களிடம் ஒன்றுதானே வாங்குவார்கள்? அறிவிப்பு தெளிவான பிறகே கட்டின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். குறையும் கரும்புக்கு ஈடாக மஞ்சள் கொத்து, கோலமாவு, மாட்டுப் பொங்கலுக்கு மூக்கணாங்கயிறு ஆகியவற்றைச் சிறிதளவு சேருங்கள். இடமும் ஆளும் அதேதான். கூடுதல் செலவு சரக்குக்கு மட்டுமே. கயிறும் மாவும் விற்காவிட்டாலும் அழுகாது.

கோயம்பேடானாலும் உள்ளூர்ச் சந்தையானாலும், வாங்குமுன் கட்டை அவிழ்த்து எண்ணுங்கள். கட்டுக்கு எத்தனை கரும்பு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். வாங்கியதை நிழலில் நிறுத்தி ஈரச் சாக்குப் போர்த்துங்கள். போகியன்று மாலை, முதல் மீண்டுவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். மீண்டிருந்தால் வீம்பு வேண்டாம், விலையை இறக்குங்கள். 20 ரூபாய்க்கு விற்ற கரும்பு, விற்காத 40 ரூபாய்க் கரும்பைவிட மேலானது. போட்டி மிகுந்து தொடக்கத்திலிருந்தே விலை 30க்கு விழுந்தால், 360 கரும்பும் விற்ற பின் மிஞ்சுவது 800தான். அதையும் தாங்கும் அளவுக்கே முதல் போடவேண்டும்.

கணக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த நேரம் கூட்டம் வந்தது, எது மிஞ்சியது என்பதையும் அதில் குறித்து வையுங்கள். அடுத்த தைக்கு அதுதான் உங்கள் முதல். அதற்கு வட்டி கேட்க எவராலும் முடியாது.