பழசாகிப்போன தமிழ்ப் பக்கம்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். நாலஞ்சு நாள் கழிச்சு பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, "தம்பி, நிவாரணத்துக்கு ஒரு மனு அடிச்சுக் குடு" என்றார். கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. புதுசா உபுண்டு போட்ட லேப்டாப்பில் முக்கால் மணி நேரத்துக்குத்தான் பேட்டரி. தமிழ்த் தட்டச்சு இன்னும் அமைக்கலை.

எப்போதோ சேமித்து வைத்த தமிழ் வழிகாட்டி ஒன்று இருந்தது. அது 'ஸ்கிம்' என்ற மென்பொருளைத் திறக்கச் சொன்னது. அப்படி ஒன்று அந்த லேப்டாப்பில் இல்லவே இல்லை. உபுண்டு 2009-லேயே, 9.10 பதிப்பில், அதை விட்டு 'ஐபஸ்'ஸுக்கு மாறிவிட்டது. தேடித் தேடியே பேட்டரி தீர்ந்தது. மனுவைக் கையால்தான் எழுதினோம். அந்த வழிகாட்டியை எழுதினது யாரு? நானேதான். 2008-இல் ஓர் ஆங்கில ஆவணத்தைப் பார்த்து எழுதி, அதோடு மறந்துபோனது.

கட்டற்ற மென்பொருள் ஆவணங்களை மொழிபெயர்க்க ஆள் கிடைப்பதைவிடப் பெரிய சிக்கல் இது: மூலம் மாறியது மொழிபெயர்ப்புக்குத் தெரியாது. மென்பொருளின் மெனுக்களுக்கு இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு, 'கெட்டெக்ஸ்ட்'. அதன் பிஓ கோப்பில் ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே அதன் தமிழ் வரி இருக்கும். ஆங்கில வரி கொஞ்சம் மாறினால், பழைய தமிழ் வரி அழியாது. 'ஃபஸி' என்ற குறி விழும். யாராவது பார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை, பயனருக்கு ஆங்கிலமே தெரியும். 'ஸ்பிங்க்ஸ்' போன்ற கருவிகள் முழு ஆவணத்தையும் இப்படிப் பத்தி பத்தியாகப் பிரித்துத் தருகின்றன. பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆங்கிலம் வாசிக்க வராதவருக்கு, தமிழ் காணாமல் போய் ஆங்கிலம் வந்து நின்றால் என்ன பயன்? மீடியாவிக்கியின் 'டிரான்ஸ்லேட்' நீட்சி செய்வது எனக்குப் பிடிக்கும். மூலம் மாறியிருந்தால் பழைய மொழிபெயர்ப்பை மறைக்காது. அந்தப் பத்திக்குப் பின்னால் இளஞ்சிவப்பு நிறம் பூசிக் காட்டும். 'இது பழசு, பாத்துக்க' என்று வாசகருக்கும் தெரியும், திருத்த வருகிறவருக்கும் எங்கே கைவைப்பது என்று தெரியும்.

என்னுடையதுபோல் தனியாக எழுதிப் போட்ட பக்கத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேறு சிலர் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள், அழித்தால் அவர்களுடைய பக்கங்களும் உடையும். அதனால் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: 'உபுண்டு 9.10-க்கு முந்தைய பதிப்புகளுக்கு மட்டும். புதியதில் அமைப்புகளுக்குள் போய் உள்ளீட்டு மூலத்தில் தமிழைச் சேர்க்கவும்.' இப்போது எழுதும் பக்கங்களில் எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் செய்து பார்த்தேன் என்பதைத்தான் முதல் வரியாகப் போடுகிறேன்.