கவனம் நிக்கலைன்னு சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட எப்படிச் சொல்றது?

பெரியவங்களுக்கு இருக்கிற ஏடிஹெச்டி பத்திப் பேசினதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "எனக்கு இது இருக்குமோன்னு சந்தேகம். டாக்டர் முன்னாடி உக்காந்து என்ன சொல்றது? மாத்திரை எழுதினா சாப்பிடலாமா?" இன்னிக்கு அதை மட்டும் பார்ப்போம். நான் டாக்டர் இல்ல. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு முடிவு பண்ண வேண்டியவர் உங்க டாக்டர். அவர்கிட்ட பேச உங்களைத் தயார் பண்றதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நேரம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.ன்னா உங்களுக்குப் பின்னாடி பெரிய வரிசை நிக்கும். தனியார் கிளினிக்லயும் முதல் தடவை கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தை "கான்சன்ட்ரேஷன் வரல டாக்டர்"னு ஆரம்பிச்சா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. ஏன்னா மனச்சோர்வுலயும் கான்சன்ட்ரேஷன் வராது. பதற்றத்துலயும் வராது. தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்துல மூச்சு தடைபடுறது, எல்லாத்துலயும் இதே புகார்தான். "இன்ஸ்டாகிராம்ல பார்த்தேன், எனக்கு ஏடிஹெச்டி"ன்னு சொல்றதும் தப்பில்ல, ஆனா அது உங்க முடிவு. டாக்டருக்கு வேண்டியது நடந்த சம்பவம்.

எப்படின்னா: "அக்கவுண்ட்ல பணம் இருந்தும் கரண்ட் பில் கட்ட மறந்து இந்த வருஷம் ரெண்டு தடவை ஃபியூஸைப் பிடுங்கிட்டாங்க." "ஒரு மெயிலுக்குப் பதில் போட உக்காந்தா மூணு மணி நேரம் வேற எதையோ படிச்சிட்டிருக்கேன்." "வண்டி இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, தினமும் ஞாபகம் வருது, செய்யல." இப்படி ஆறேழு சம்பவத்தை எழுதிக் கொண்டு போங்க. வீட்ல நடந்தது, வேலையில நடந்தது, ரெண்டும் இருக்கட்டும். ஒரே ஒரு இடத்துல மட்டும் பிரச்சினைன்னா அந்த இடமே காரணமா இருக்கலாம்னு டாக்டர் யோசிப்பார், யோசிக்கணும்.

அடுத்து சின்ன வயசு. டிஎஸ்எம்-5ங்கிற நோய்க்கணிப்புக் கையேட்டின்படி, அறிகுறிகள்ல சிலதாவது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். அதனால டாக்டர் ஸ்கூல் நாட்களைப் பத்திக் கேட்பார். பழைய ப்ராக்ரஸ் ரிப்போர்ட் பரண்ல கிடந்தா எடுத்துட்டுப் போங்க. டீச்சர் எழுதின ஒரு வரி போதும்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போறது நல்லதுதான், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு. "சின்ன வயசுல நல்லாத்தான் படிச்சான் டாக்டர்"னு அம்மா சொல்லிடுவாங்க. பொய்யும் இல்ல. பத்தாம் வகுப்பு வரைக்கும் அவங்கதான் பக்கத்துல உக்காந்து படிக்க வெச்சிருப்பாங்க, பையை அடுக்கியிருப்பாங்க. அதனால வீட்லயே முன்கூட்டிக் கேட்டுப் பாருங்க: "அம்மா, நான் தனியா உக்காந்து படிச்சேனா, நீ பக்கத்துல இருந்தியா?" இந்தப் பதில்தான் டாக்டருக்குப் பயன்படும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். வகுப்புல ஓடாம, கத்தாம, ஜன்னலைப் பார்த்துட்டு அமைதியா இருந்த பொண்ணை யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்க.

ஏடிஹெச்டியை உறுதி பண்ற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேச்சு, கேள்வித்தாள், கூட இருக்கிறவங்க சொல்றது, இவ்வளவுதான் வழி. டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதினா உங்களைத் தட்டிக் கழிக்கிறார்னு நினைக்காதீங்க. வேற காரணத்தைத் தள்ளி வைக்கிறார், அவ்வளவுதான்.

மறைக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. குடி, கஞ்சா, ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரைகள், சித்த, ஆயுர்வேத மருந்து உள்பட. உங்க இதயம் பத்தின எதுவும், குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா அதுவும். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ பைபோலார், மனச்சிதைவு இருந்திருந்தா அது. இதெல்லாம் மாத்திரைத் தேர்வையே மாத்தும். அப்பா பக்கத்துல இருக்கும்போது சொல்ல முடியலைன்னா, "டாக்டர், அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்"னு கேளுங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்க உரிமைன்னே சொல்லுது.

இப்போ மாத்திரை. அமெரிக்க வீடியோக்கள்ல கேள்விப்படுற ஆடரால் இந்தியக் கடைகள்ல கிடையாது. இங்க பெரும்பாலும் பேச்சு ரெண்டைச் சுத்தித்தான்: மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸெட்டின்.

மெத்தில்ஃபெனிடேட் ஒண்ணும் புதுசு இல்ல. 1944-ல உருவானது. ரிட்டாலின்ங்கிற பேர், அதைக் கண்டுபிடிச்ச வேதியியலாளரோட மனைவி ரீட்டாவோட பேர்ல இருந்து வந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள தெரியும். சாதாரண மாத்திரை மூணு நாலு மணி நேரம் நிக்கும், மெதுவா கரையுற வகை எட்டுல இருந்து பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும். பசி குறையும், லேட்டா சாப்பிட்டா ராத்திரி தூக்கம் போகும், நாடித்துடிப்பும் பிரஷரும் கொஞ்சம் ஏறலாம். காலையில இட்லியை முடிச்சிட்டு மாத்திரை போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மத்தியானம் சாப்பாடு இறங்காதவங்களுக்கு அந்தக் காலைச் சாப்பாடுதான் கைகொடுக்கும்.

அட்டோமாக்ஸெட்டின் வேற ரகம். தினமும் சாப்பிடணும், பலன் தெரிய நாலு வாரம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். குமட்டல், வாய் வறட்சி வரலாம். பத்து நாள் சாப்பிட்டு "ஒண்ணும் தெரியல"ன்னு விட்டுடுறது இதுலதான் அதிகம் நடக்கிற தப்பு. இன்னொண்ணு: ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை கூட இருந்தா ரத்தத்துல இதோட அளவு ஏறும். அதனாலதான் பழைய சீட்டுகளைக் கொண்டு போகச் சொல்றேன்.

"அடிமை ஆயிடுவேனா?" இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட்டைத் தப்பா பயன்படுத்த வழி இருக்கு, அதனாலதான் அது ஷெட்யூல் எக்ஸ் பட்டியல்ல இருக்கு. டாக்டர் சொன்ன அளவுல, அவர் கண்காணிப்புல சாப்பிடும்போது அந்த ஆபத்து குறைவு. பரீட்சைக்கு ஹாஸ்டல் நண்பனுக்கு ரெண்டு குடுக்கிறது ஆபத்து, சட்டப்படியும் குற்றம். போதைப் பழக்கம் முன்னாடி இருந்திருந்தா சொல்லிடுங்க. அட்டோமாக்ஸெட்டின்ல அந்தப் பிரச்சினை இல்ல.

ஷெட்யூல் எக்ஸ்னா நடைமுறையில என்ன? டாக்டர் சீட்டை ரெண்டு பிரதியா எழுதணும், ஒண்ணைக் கடைக்காரர் 2 வருஷம் வெச்சிருக்கணும். தனி லைசென்ஸும் வேணும், அதனால நிறைய கடைகள்ல இருக்காது. அஞ்சு கடை ஏறி இறங்கி, கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, அவமானமா உணர்ந்து விட்டுட்டவங்க இருக்காங்க. "எந்தக் கடையில கிடைக்கும் டாக்டர்?"னு அங்கயே கேட்டுட்டு வாங்க. வீடியோ கன்சல்டேஷன்லயும் இது கிடைக்காது. 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை அதுல எழுதத் தடை போட்டிருக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு கேள்வி: "இது வேலை செய்யுதுன்னு எதை வெச்சு முடிவு பண்ணப் போறோம்?" அந்த ஃபியூஸ், அந்த மெயில், ரெண்டையும் அடையாளமா வெச்சுக்கோங்க. அடுத்த விசிட் வரைக்கும் தூக்கம், பசி, மாத்திரை போட்ட நேரம் மூணையும் ஒரு நோட்டுல ஒத்தை வரியா குறிச்சா போதும். பில்லைக் கட்ட வைக்கிறது மாத்திரை இல்ல, ஃபோன் அலாரமும் பழக்கமும் தனியா வேணும். கர்ப்பமா இருந்தாலோ திட்டம் இருந்தாலோ அதையும் சொல்லுங்க.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்கிறது, இப்படி எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உயிரை விடணும்னு தோணினாலும் அப்படித்தான். டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

"டிகிரி முடிச்சிருக்கீங்க, வேலையில இருக்கீங்க, உங்களுக்கு எப்படி ஏடிஹெச்டி?"ன்னு ஒரு டாக்டர் கேட்டா, சண்டை வேண்டாம். அந்த டிகிரியை எப்படி முடிச்சீங்கன்னு சொல்லுங்க: எத்தனை ராத்திரி, எத்தனை அரியர், யார் துணை. அப்பவும் கேட்கலைன்னா இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம். உங்க மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் அதே 2017 சட்டத்துல உரிமை இருக்கு.

வேலை இடத்துல இதைச் சொல்லலாமா வேண்டாமாங்கிறதை அடுத்த எபிசோடுல பேசுவோம்.