போடிமெட்டு ஏற்றத்தில் 116 மில்லிபார்

பொட்டிப்புரத்துக்கு மேற்கே, நியூட்ரினோ ஆய்வகத்துக்கென்று குறித்த மலையின் உச்சி 1,589 மீட்டர். அந்த மலைக்குள் எத்தனை மீட்டர் பாறை இருக்கிறது என்று பல வருடம் கணக்குப் பேசினோம். மலைமேல் காற்று எவ்வளவு குறைகிறது என்பதும் இங்கே தினமும் பணம் செலவாகிற கணக்குதான். வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிற போடியில் 972. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,400 மீட்டரில் போடிமெட்டைத் தொட்டால் 856. பொட்டிப்புரத்து உச்சியில் நின்றால் 836. இவை நிலையான வளிமண்டல வாய்பாட்டில் போட்டு எடுத்த எண்கள். மழை, வெயிலுக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறி இறங்கும். போடிக்கும் மெட்டுக்கும் நடுவே 116 மில்லிபார் போய்விடுகிறது, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. மேலே குளிர்ச்சி என்பதால் காற்றுக்கு அடர்த்தி கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கீழே 30 டிகிரி, மேலே 20 டிகிரி என்று வைத்தால் எடைக்கணக்கில் குறைவது 9 சதவீதம்.

இந்தக் குறைவைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று 1967இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கச் சந்தைக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் பொருத்தப்பட்டது. ஜெர்மன் மொழியில் அழுத்தத்துக்கு ‘ட்ருக்’ என்று பெயர். அந்த ‘டி’ அதுதான். அதற்கு முன்பே அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் இதே வழியில் முயன்று, 1958இல் கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் பொருத்திப் பார்த்து, நிலைக்காமல் விட்டது. அதன் காப்புரிமைகள் பாஷின் கைக்கு வந்தன. பிறகு வால்வோ, சாப், சிட்ரோயன் டி.எஸ்., போர்ஷ் 914, மெர்சிடிஸ் 450 என்று எழுபதுகளின் நல்ல கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு வந்தது.

அதன் உயிர் உள்ளங்கையளவு உலோகக் கூடு ஒன்றில் இருக்கிறது. அதுதான் அழுத்த சென்சார். என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்குள் வரும். உள்ளே காற்று நீக்கிய இரண்டு குப்பிகள், அழுத்தம் குறைந்தால் உப்பும், கூடினால் ஒடுங்கும். அந்த அசைவு ஓர் இரும்புக் கம்பியைக் கம்பிச்சுருளுக்குள் தள்ளி இழுக்க, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பது முடிவாகும். பெட்ரோல் குழாயில் அழுத்தம் எப்போதும் 2 பார்தான். மாறுவது திறந்திருக்கும் நேரம்.

அந்த ஃபோக்ஸ்வாகனின் 1,584 சி.சி. என்ஜின் 3,000 சுற்றில், சிலிண்டர் 80 சதவீதம் நிரம்ப இழுத்தால், போடியில் நிமிடத்துக்கு 195 மில்லி பெட்ரோல் வேண்டும், மெட்டில் 178. வித்தியாசம் 17 மில்லி. மணிக்கு ஒரு லிட்டர், ரூபாயில் நூற்றுக்கு மேல். சரியான சென்சார் இதை யாரும் தொடாமலே மிச்சப்படுத்துகிறது.

தவறான சென்சார்? இங்கேதான் பழைய கார்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். மெர்சிடிஸ் சென்சாரும் ஃபோக்ஸ்வாகன் சென்சாரும் ஒன்றுபோலவே இருக்கும். நாலு பின், ஒரு குழாய். 0 280 100 என்று எண் தொடங்கும்; கடைசி மூன்று இலக்கம்தான் அது எந்த என்ஜினுக்கு என்று சொல்லும். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம் 400 மில்லிபாரை ஒட்டி இருக்கும்; மலையேற்றத்தில் அழுத்தி மிதித்தால் 850ஐத் தாண்டும். மதுரையில் நிறுத்திவைத்து ஐடிலிங் சரியாக வந்தது என்றால் அழுத்தத்துக்கு ஏற்பப் பெட்ரோல் ஏறும் கோட்டில் ஒரு புள்ளி பொருந்தியது, அவ்வளவுதான். மேல்முனையில் 20 சதவீதம் கூடுதலாகக் கொட்டினால், 14.7க்கு 1 என்று இருக்க வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 12.25 ஆகிவிடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அந்த ஃபோக்ஸ்வாகனில் மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர்தான். பெட்ரோல் காசைவிட எனக்கு அந்த ஆயிலைப் பற்றித்தான் கவலை.

வாங்குமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: பின் 7க்கும் 15க்கும் இடையே சுமார் 90 ஓம், 8க்கும் 10க்கும் இடையே சுமார் 350 ஓம். கைப்பம்பால் 15 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் இழுத்து விடுங்கள். பம்பின் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பல மாடல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வெடித்துப்போய் முள் சரசரவென்று இறங்கும். அரக்கு வைத்து அடைத்த திருகை ‘லேசாத் திருப்பிப் பாப்போம்’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

ஆனால் எங்கள் பள்ளத்தாக்கின் பழைய வண்டி ஜீப்தான். விடிகாலை போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற மகிந்திரா. அதில் உயரத்தை உணர ஒன்றுமே இல்லை. 116 மில்லிபார் குறைந்தாலும் பம்ப் அதே டீசலைத்தான் தள்ளும். மேல் வளைவுகளில் கறுப்புப் புகை அதனால்தான். அங்கே நம் கையில் இருக்கிற ஒரே அழுத்தம், டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கும் அழுத்தம். பியூஜோ வடிவமைப்பில் வந்த 2,112 சி.சி. என்ஜினில் டீசல் முன்னறையில் எரியும். அந்த வகை நாசில் 120 பாரை ஒட்டித் திறக்கும். டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் 2,523 சி.சி. டி.ஐ. என்ஜினுக்குப் பல துளை நாசில். அது 200 பார் பக்கம். இரண்டையும் மாற்றி யோசிக்கவே கூடாது.

ஒருமுறை நாசில் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். 2,112 வண்டியின் நாலு நாசில்களை மேசையில் வரிசையாகக் கிடத்தி, மெக்கானிக் ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார். மூன்று ‘கிர்’ரென்று இரைந்து 120இல் புகைபோலப் பீய்ச்சின. நாலாவது 95லேயே சத்தமில்லாமல் ஒழுகியது. “இதாண்ணே மெட்டுல இழுக்க மாட்டேங்குது” என்றார் டிரைவரிடம். ஸ்பிரிங்குக்குப் பின்னால் 0.1 மி.மீ. ஷிம் தகடு வைத்தால் சுமார் 10 பார் ஏறும். முனையைக் கழுவி, கால் மில்லிமீட்டர் கனத்துக்கு ஷிம் சேர்த்து மறுபடி அழுத்தினார். முள் 119இல் துள்ளியது.

நாளுக்கு 80 கி.மீ., லிட்டருக்கு 10 கி.மீ. என்று வையுங்கள். அந்த ஒழுகல் 5 சதவீதம் தின்றால் மாதம் 25 நாளில் 10 லிட்டர், 92 ரூபாய் வீதம் 920. கால் மில்லிமீட்டர் தகட்டின் கணக்கு இது. டிரைவர் நாசில்களைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, அன்று ராத்திரியே மாட்டிவிடுவதாகச் சொன்னார். காலை ஐந்து மணிக்குத் தேவாரத்தில் ஆட்கள் காத்திருப்பார்களாம்.