பலகையைச் சுற்றி அமரும் குடும்பம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, அடையாறிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தேன். செபம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் அடுக்கப்பட்டிருந்த வண்ணப் பெட்டிகள் என் கண்ணில் பட்டன. புத்தகங்கள் போலும் என எண்ணி அருகில் சென்று பார்த்தேன். யாவும் விளையாட்டுப் பெட்டிகள்! வீட்டுத் தலைவர் நாற்பதைக் கடந்தவர். பொறுப்புள்ள பணியில் இருப்பவர். "பிள்ளைக்காக வாங்கியவையா?" என்று கேட்டேன். அவர் சற்று வெட்கத்துடன், "எனக்காகத்தான், ஃபாதர். பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்" என்றார்.

அரை மணியில் திரும்ப எண்ணியிருந்த நான், இரவு உணவு வேளை வரை அங்கேயே அமர்ந்துவிட்டேன். அங்குக் கண்டதையும், அதன்பின் படித்து அறிந்ததையும் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நம் வீட்டுப் பழஞ்செல்வம்

பலகை விளையாட்டு நமக்குப் புதியதன்று. தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் நம் பாட்டிமார் அறிந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் இந்துச் சகோதரர்களின் இல்லங்களில் பரமபத சோபன படம் விரிக்கப்படுவதை மயிலாப்பூர்வாசிகள் அறிவர். ஏணி புண்ணியத்தையும் பாம்பு பாவத்தையும் குறிக்கும் இத்தகைய இந்திய ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, சிறுவர் விளையாட்டாக மாறியது. தாயத்திற்கு உறவான பச்சீசி, 'லூடோ' என்ற பெயரில் அங்குக் காப்புரிமை பெற்று, பின்னர் நம் பாண்டி பஜார் கடைகளுக்கே திரும்பி வந்தது.

பலகையில் புகழ் ஈட்டியவர்களும் நம் நகரில் உண்டு. கேரத்தில் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். மானுவேல் ஆரோன் முன்னின்று 1972-இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் பயின்றார்.

ஆயினும் சதுரங்கம் இருவர் மோதும் களம். பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் முழுவதும் ஒரே பலகையைச் சுற்றி மகிழ்வுடன் அமர வேண்டுமானால், அதற்கேற்ற விதிகள் வேண்டும். விதி எத்தகையதோ, ஆடுவோரின் மனமும் அத்தகையதாகிறது. அன்று நான் கற்ற பாடம் இதுவே.

ஒருவர் சிரிக்க, மற்றவர் அழ

என் சிறு வயதில் கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் 'டிரேட்' பெட்டி வெளியே வரும். நகரங்களை வாங்கி, வீடு கட்டி, அங்கு வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் ஆட்டம் அது. என் தமையன் விரைவிலேயே பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கிவிடுவான். முதலில் பணமிழந்து வெளியேறுபவள் தங்கை. அழுதுகொண்டே ஒரு மூலையில் போய் அமர்வாள். ஒரு நாள், கையிலிருந்த கடைசி நோட்டையும் வாடகையாகக் கொடுத்த நான், பலகையைத் தூக்கி எறிந்தேன். இரண்டு நாட்கள் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா பெட்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்கள்.

இந்த ஆட்டத்திற்கு மூலமான 'மொனாப்பலி'யின் வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்னும் பெண்மணி, 1904-இல் நிலவுடைமை பற்றிய ஆட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர் எவ்வாறு வறுமையுறுவர் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஒருவர் பெறும் ஆதாயம் எல்லோரையும் சென்றடையும் வேறொரு விதிமுறையையும் அவர் வகுத்தார். ஆனால் 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 'மொனாப்பலி'யை வெளியிட்டபோது, மற்றவரை ஓட்டாண்டியாக்கும் விதியே நிலைபெற்றது. மேகியின் காப்புரிமைக்கு அந்நிறுவனம் கொடுத்தது 500 டாலர். பேராசையைக் கண்டிக்கப் பிறந்த ஆட்டம், பேராசையைப் பயிற்றும் ஆட்டமாயிற்று!

யாரும் வெளியேறாத தீவு

நம் அன்பரின் அடுக்கில் முதலிடம் பெற்றிருந்தது 'கட்டான்'. செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த ஜெர்மானியர் கிளாவுஸ் டாய்பர் இதனை உருவாக்கினார். 1995-இல் வெளிவந்தது, அவ்வாண்டே, ஜெர்மனியில் 1979 முதல் வழங்கப்பட்டுவரும் 'ஆண்டின் விளையாட்டு' விருதையும் பெற்றது. டாய்பர் 2023-இல் மறைந்தார். அதற்குள் அவருடைய ஆட்டம் 3 கோடிப் பெட்டிகளுக்கு மேல் விற்றிருந்தது.

ஆடுவோர் ஒரு தீவில் சாலை போட்டு, ஊர் அமைக்கிறார்கள். மரம், செங்கல், கம்பளி, தானியம், கனிமம் என ஐந்து பொருள்கள் வேண்டும். செங்கல் மிகுந்தவரிடம் தானியம் இராது. தானியம் உள்ளவரிடம் மரம் இராது. எனவே ஒருவரோடொருவர் பேசிப் பண்டமாற்று செய்தே தீரவேண்டும். பகடையை எவர் உருட்டினாலும், அந்த எண்ணுக்குரிய நிலத்தருகே ஊர் அமைத்த அனைவருக்கும் விளைச்சல் உண்டு. முதலில் 10 புள்ளிகள் பெறுபவர் வெல்கிறார். அதுவரை எவரும் வெளியேற்றப்படுவதில்லை. என் தங்கை மூலையில் அமர்ந்து அழுதிருக்க வேண்டியதில்லை!

பாட்டிக்குப் பிடித்தது 'டிக்கெட் டு ரைடு' என்றார்கள். ஆலன் மூன் என்பவர் 2004-இல் வெளியிட்ட இதில், ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் இரயில் பாதை அமைக்க வேண்டும். விதிகள் ஐந்து நிமிடங்களில் விளங்கிவிடும்.

சென்னையைக் காத்த சிறுவன்

அன்று மாலை அவர்கள் மேசைமேல் விரித்தது 'பேண்டமிக்'. மேட் லீகாக் என்ற அமெரிக்கர் இதனை வெளியிட்டது 2008-இல். கொரோனாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். உலக வரைபடத்தில் 48 நகரங்கள். அவற்றுள் நம் சென்னையும் ஒன்று. நான்கு கொடிய நோய்கள் பரவுகின்றன. ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. அனைவரும் ஒன்றுகூடி நோய்களுக்கு மருந்து காண வேண்டும். இல்லையேல் அனைவரும் தோற்பர்.

பத்து வயது மகனுக்கு மருத்துவர் பொறுப்பு வாய்த்தது. தொடக்கத்திலேயே சென்னையின்மேல் மூன்று கறுப்புக் கட்டைகள். இன்னும் ஒன்று சேர்ந்தால் நோய் அண்டை நகரங்களுக்குப் பரவிவிடும். சிறுவன் தன் கையிலிருந்த சென்னைச் சீட்டைக் கீழே வைத்து, "நான் சென்னைக்குப் போகிறேன்" என்றான். தந்தை, "அந்தச் சீட்டு பிறகு மருந்து கண்டுபிடிக்க..." என்று தொடங்கி, மகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தாயார் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கூறினார்: "2021 மே மாதம் இவன் தாத்தா கொரோனாவில் போய்விட்டார், ஃபாதர். கடைசியாக முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இந்த ஆட்டத்தில் இவன் எப்போதும் முதலில் சென்னைக்குத்தான் போவான்."

ஒரு மணி நேரம் கழிந்தது. மூன்று நோய்களுக்கு மருந்து கண்டார்கள். நான்காவதற்கு ஒரு கறுப்புச் சீட்டு குறைந்தது. அதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது. தோல்வி! அந்தச் சீட்டு எங்கே போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கணவரை இழந்த அந்தப் பாட்டி மட்டும் பேரன் தலையைத் தடவி, "போகட்டும், நம் ஊர் பிழைத்ததே!" என்றார்கள்.

நீங்களும் அமரலாம்

விளையாட்டு வீண்பொழுது என்று எண்ணும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. புனித தோமா அக்குவினாஸ், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என எழுதியுள்ளார். எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துவிடும் என்று புனித அருளப்பர் கூறியதாக வழங்கும் பழங்கதையை அவர் அங்கு எடுத்துக்காட்டுகிறார்.

அயல்நாட்டுப் பெட்டிகளின் விலை அதிகம் என்பது உண்மையே. சில ஆயிரக்கணக்கில் ஆகும். அதற்காகக் கடன்பட வேண்டாம். வினிதா சித்தார்த்தா 2002-இல் சென்னையில் தொடங்கிய 'கிரீடா' போன்ற முயற்சிகளால் நம் மரபு ஆட்டங்கள் மீண்டும் புழக்கத்திற்கு வந்துள்ளன. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம், கையில் சில சோழிகள் அல்லது புளியங்கொட்டைகள், இவை போதும். வாரம் ஒரு மாலை, குடும்ப செபம் முடிந்தபின், கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு அமருங்கள். சிறியவன் தோற்றால் கேலி செய்யாதீர்கள். பெரியவர் தோற்றால் முகம் சுளிக்காதீர்கள்.

அன்றிரவு பங்கு இல்லம் திரும்பியதும் என் தமையனைத் தொலைபேசியில் அழைத்தேன். பரணில் வைத்த அந்தப் பெட்டி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் சிரித்தார். வரும் மே மாதம் தங்கையும் வருகிறாள். மூவரும் தாயம் ஆடுவதென்று முடிவாகியிருக்கிறது.