கரும்புச் சாற்றுக்கு முந்தைய நாட்கள்

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் சமணர்களின் ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் எடுப்பித்தவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் முதல் தீர்த்தங்கரர் ரிஷபநாதரின் வாழ்க்கை வண்ணத்தில் விரிகிறது. துறவு பூண்டபின் ஏறத்தாழ ஓராண்டு அவர் எதுவும் உண்ணவில்லை. பிறகு சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாற்றைப் பருகி நோன்பை முடித்தார் என்பது சமண மரபு. அட்சய திருதியை அந்த நாள்தான். நகைக்கடைகளுக்கு அதன் நினைவு வந்தது வெகு பிற்பாடு.

புராணம் இருக்கட்டும். சோறு நின்றபின் உடம்பு எதை எரித்து உயிர் வாழ்கிறது?

முதலில் கைவைப்பது கல்லீரலில். உண்ட மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைகோஜனாகக் கோத்து வைத்திருக்கும். மொத்தம் 100 கிராம் அளவுதான். மூளை மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். ஆக, ஒரு நாளுக்குள் அந்தச் சேமிப்பு ஏறக்குறையக் காலி. ஏகாதசியன்று ஜவ்வரிசிக் கிச்சடியும் வாழைப்பழமுமாக ஒப்பேற்றுகிறவர்களின் கல்லீரல் இந்தக் கட்டத்தைக் காண்பதே இல்லை.

அடுத்தது கொழுப்பு. 10 கிலோ கொழுப்பில் 90,000 கலோரி அடங்கியிருக்கிறது; இரண்டு மாதத்துக்கும் தாங்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல். கொழுப்பமிலங்கள் இரண்டிரண்டு கார்பன் துண்டுகளாகத்தான் உடைகின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து குளுக்கோஸ் செய்யும் வழி நம் உடம்பில் இல்லை. மூளையோ கொழுப்பமிலத்தை எரித்துப் பிழைப்பதில்லை. குளுக்கோஸ் வேண்டுமென்றால் தசையைக் கரைத்துப் புரதத்திலிருந்துதான் பெரும்பகுதியைச் செய்தாக வேண்டும். அந்தக் கணக்கு நீடித்தால் சில வாரங்களில் எழுந்து நிற்கவே தெம்பிருக்காது.

கல்லீரல் கண்ட உபாயம் கீட்டோன். அந்த இரு கார்பன் துண்டுகளை இணைத்து, நீரில் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகளாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களின் மூளை தனக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைக் கீட்டோனிலிருந்தே பெறுகிறது என்று ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967-ல் காட்டினார்கள். தசை மிச்சப்படுவது அதனால்தான். 1956-ல் ‘தமிழ்நாடு’ என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார், அறுபதைக் கடந்த வயதில், 76 நாள் தாங்கினார். மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கீட்டோன் இல்லாமல் அந்த உறுதிக்கு அத்தனை நாள் கிடைத்திருக்காது. 207 கிலோ எடையுடன் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியெரி, மருத்துவர் கண்காணிப்பில், வைட்டமின்களும் உப்புகளும் மட்டும் எடுத்துக்கொண்டு 1965–66-ல் 382 நாள் உண்ணாமல் இருந்தார். யாரும் பார்த்துச் செய்யக்கூடியது அல்ல.

நோன்பை முடிப்பதிலும் ஆபத்து உண்டு. நெடும் பட்டினிக்குப் பின் சர்க்கரை வயிறு நிறையப் போனால் இன்சுலின் குபீரென ஏறும். அது குளுக்கோஸோடு பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை சரிய, இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டாம் உலகப்போர் முகாம்களிலிருந்து மீண்ட கைதிகளில் சிலர் உயிர்விட்டது, சாப்பாடு கிடைத்த பிறகு. இன்றைய மருத்துவமனையில் என்றால் கரும்புச் சாற்றைச் சிறிது சிறிதாகத்தான் அனுமதிப்பார்கள். தயமினும் முன்கூட்டியே கொடுப்பார்கள்.

ஓர் இரவுகூடத் தாங்காத உடல்களும் உண்டு. 1929-ல் வான் கீர்கே விவரித்த பிறவிக் குறைபாட்டில், கல்லீரலில் கிளைகோஜன் நிரம்பிக் கிடக்கும். கடைசி நொதி ஒன்று இல்லாததால் அதைக் குளுக்கோஸாக வெளியே விட முடியாது. அந்தக் குழந்தைகளுக்கு வேகவைக்காத மக்காச்சோள மாவை நீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது மெல்லச் செரித்து, மணிக்கணக்கில் குளுக்கோஸை விடும். வேகவைத்தால் சீக்கிரம் செரித்துவிடும், பயன் போய்விடும்.

நீரிழிவில் கதை வேறு. பட்டினியில் கீட்டோனுக்குக் கடிவாளம் கொஞ்சநஞ்ச இன்சுலின்தான். முதல் வகை நீரிழிவில் அதுவும் இல்லை. ஊசி தவறினால் கீட்டோன் பெருகி இரத்தம் அமிலமாகிவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நீண்ட விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால், கீட்டோன் அபாய அளவைத் தொட்டபோதும் குளுக்கோமீட்டரில் அவ்வளவாக உயராத எண்ணே தெரியக்கூடும்.